பாறைக்குள் வேலி இல்லை

1

அக்கா வீட்டிலிருந்து கிளம்பி வாய்க்கால் கரையோடு வாடிப்பட்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பின்னால் மொபட் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரியும், அக்கா வீட்டுக்காரர் மாயழகு மச்சான்.

"நில்லு மாப்ள. இப்படி மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனா எப்படி? ஏறு, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்."

"நடந்தே போறேன் மச்சான்."

"ஒங்க அக்கா சோறு திங்காம உக்காந்துருக்கா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நீ என்ன கொறஞ்சா போயிருவ?"

"சரின்னு சொன்னா நாந்தான நின்னு போர் போடணும்? பாண்டியண்ணன் போட்டதுக்குப் பக்கத்துல இன்னொன்னா? அவருக்குப் போறது ஒங்களுக்கு வராது. ஒங்களுக்கு வர்றது அவருக்கு நிக்காது. கடைசியில ரெண்டு பேருக்கும் காத்துதான்."

"இப்ப மட்டும் எனக்கு என்ன வருதாம்?"

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் நடந்தேன்.

பேச்சியம்மாள் அக்காவுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதற்குத் தண்ணீர் தந்தது ஒரு திறந்த கிணறு. பக்கத்து நிலம் அக்காவுக்கு அடுத்துப் பிறந்த அண்ணன் பாண்டியுடையது, தென்னந்தோப்பு. அண்ணன் வரப்போரம் ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டார். அக்கா கிணறு வற்றியது. இப்போது அக்காவுக்கு அண்ணனைவிட ஆழமாக ஒன்று வேண்டும். போர் வண்டியில் ஊர் ஊராக வேலை பார்த்த தம்பி நான் வீட்டில் இருந்தேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அப்படி நடந்துகொண்டிருந்தேன்.

2

இதைப் பல வருடம் கழித்து, ஆப்பிரிக்காவின் லுசாகா நகரில், எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ராய்ப்பூர், நாக்பூர், ஜோத்பூர் என்று போர் வண்டி போன இடமெல்லாம் போனேன். அந்த வண்டிகளில் ஒன்று ஒருநாள் கப்பலேறியது, அதன் பின்னால் நானும் வந்தேன். நம் பக்கத்து ஆட்கள் ஓட்டும் போர் வண்டிகள் ஆப்பிரிக்காவில் எத்தனையோ நாடுகளில் ஓடுகின்றன. ஊரில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. வெளிநாடு என்றால் அவர்களுக்கு துபாய், சிங்கப்பூர்.

என் பெயர் முத்து. அது இங்கே யாருக்கும் தெரியாது. முதல் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து குடியேற்ற அலுவலகத்திலும் வங்கியிலும் மகளின் பள்ளியிலும் நான் மிஸ்டர் வீரணன். அப்பா செத்து எவ்வளவோ காலமாகிறது. வரிசையில் அவர் பெயரைக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்கிறேன்.

இந்த முறை உரிமம் புதுப்பிக்கப் போனபோது புதிதாக ஒன்று சொன்னார்கள். துளையிடும் வேலை பார்க்கிறவர்கள் சுற்றுச்சூழல் வகுப்பில் உட்கார வேண்டும், முடிவில் சின்னப் பரீட்சை. படிக்க ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். நிறைய ஆங்கிலச் சொற்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் மீனா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் வந்த பாடம்.

"பாக்கக் கூடாதுப்பா. சொல்லுங்க. அக்விஃபர்னா என்ன?"

"நீயே சொல்லு."

"மட்ஸி இருக்கிற ராக்."

மட்ஸி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் தண்ணீர். மகளுக்குத் தண்ணீர் என்றதும் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

தமிழில் அதை நீர்த்தாங்கி என்கிறார்கள். நம் ஊரில் பூமிக்குக் கீழே ஆறு ஓடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீர் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே ஆறு. அப்படி ஆறு எதுவும் இல்லை. மேலே மண், அதற்குக் கீழே உதிர்ந்து நொறுங்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே விரிசல். நொறுங்கிய பாறையின் இடுக்குகளிலும் கெட்டிப் பாறையின் விரிசல்களிலும் தங்கியிருப்பதுதான் தண்ணீர். தண்ணீரை அப்படித் தாங்கி நிற்கும் பாறையின் பெயர் நீர்த்தாங்கி. யார் நிலத்துக்குக் கீழே எவ்வளவு என்ற கணக்கு அதற்குக் கிடையாது.

3

அடுத்த சொல் மீள்நிரப்பு. மழையோ வாய்க்கால் தண்ணீரோ மண்ணுக்குள் இறங்கி, எடுத்த தண்ணீரின் இடத்தை மறுபடி நிரப்புவது. இதற்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருக்கிறது. கிணறு ஊறுகிறது என்போம்.

அக்கா கிணற்றில் உள்ளே இறங்கக் கல் படிகள் இருந்தன. மச்சான் காலையில் மோட்டாரைப் போடுவார். தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு படியாக வெளியே தெரியும். பச்சையாகப் பாசி படிந்த படி ஒன்று உண்டு. அது தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவார். கொடிக்காலில் பாதிதான் பாய்ந்திருக்கும், பரவாயில்லை. மிச்சத்துக்கு மறுநாள். அதற்குள் கிணறு ஊறிப் பாசிப்படி மறைந்திருக்கும்.

"இன்னும் கொஞ்சம் ஓட்டுனா முழுசும் பாஞ்சுரும்ல மச்சான்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓட்டலாம். நாளைக்கு ஒங்க அக்காவப் புழிஞ்சுதான் பாய்ச்சணும்."

"ஆமா, இந்த மனுசன் இருபது வருசமா அதைத்தான செய்யிறாரு" என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

மீனா அடுத்த பக்கத்தைத் திருப்பிக் கேட்டாள்: "சஸ்டைனபிள்?" நான் பாசிப்படிக் கதையைச் சொன்னேன்.

"அப்ப மாமா சஸ்டைனபிள்தான்."

நிலைத்த பயன்பாடு என்று அதைத் தமிழில் எழுதுகிறார்கள். நாளைக்கும் இருக்கும்படி இன்றைக்கு எடுப்பது. மாயழகு மச்சானுக்கு அந்தச் சொல் தெரியாது. பக்கத்து நிலத்தில் ஒருவர் அதே தண்ணீரை வேறு கணக்கில் எடுக்கத் தொடங்கினால் பாசிப்படியால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. புத்தகத்தில் அதைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அதை மட்டும் என்னிடம் கேட்கும்படி மீனாவிடம் சொல்லவில்லை.

மறைநீர் என்று இன்னொரு சொல். ஒரு பொருளை விளைவிக்கச் செலவான தண்ணீர் அந்தப் பொருளுக்குள் ஒளிந்திருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். வெற்றிலைக் கட்டு வெளியூருக்குப் போனால், கூடவே கிணற்றுத் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தேங்காய் லோடும் அப்படித்தான். அக்காவும் அண்ணனும் வருடக்கணக்காக ஒரே நீர்த்தாங்கியை லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

4

அண்ணன் போர் போட்ட அன்று நான் வேலை இல்லாமல் ஊரில் இருந்தேன். இரண்டு வருடமாக மழை சரியில்லை. அண்ணனின் தென்னைகள் மட்டை மட்டையாக உதிர்த்துக்கொண்டிருந்தன, உச்சியில் கொண்டை மட்டும் மிச்சம். அவர் நிலைமையும் லேசானது இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை அண்ணனுக்குச் செய்யும் அநியாயம்.

வெளியூர் வண்டி வந்தது. எலுமிச்சம்பழம், சூடம், தேங்காய் எல்லாம் வைத்தார்கள். அண்ணன் வரப்பைத் தாண்டிக் கூப்பிட்டார்.

"ஏ பேச்சி, வா! பொறந்த பொண்ணு கையால பத்த வச்சாத்தான் ஊத்து வரும்."

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள்தான் சூடம் ஏற்றினாள்.

துளை போடும்போது மேல்மண் சரியாமல் இருக்க ஒரு குழாய் இறக்குவார்கள். கேசிங் என்று சொல்வோம். முறைப்படி பார்த்தால் அந்தக் குழாய் மண்ணையும் நொறுங்கிய பாறையையும் தாண்டிக் கெட்டிப் பாறையில் போய் அழுந்தி உட்கார வேண்டும். நம் பக்கம் யாரும் அப்படி விடுவதில்லை. குழாய்க்குத் தனிக் காசு என்பது ஒரு காரணம். இன்னொன்று நம்பிக்கை. கேசிங் ஆழமாகப் போனால் மேல் ஊற்று அடைபட்டுப் போகும் என்பார்கள். மண் சரிவது நின்றதும் அண்ணன் கையை உயர்த்தினார்.

"போதும் போதும், நிப்பாட்டு."

"அண்ணே, இன்னும் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க" என்றேன்.

"நீ சும்மா இர்றா. ராசஸ்தான் இல்ல இது."

வண்டிக்காரர் சிரித்தார். துளை கீழே போனது. வெள்ளைப் புழுதிதான் வந்தது. மதியம் வரை புழுதி. அண்ணன் சாப்பிடவில்லை. "இன்னும் கொஞ்சம் விடுங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டிக்காரர் கம்ப்ரசரை அணைத்தார். காது அடைத்தது போல ஒரு அமைதி. அந்த அமைதியில் துளைக்குள்ளிருந்து சலசலவென்று சத்தம் வந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அண்ணன் தரையில் குப்புறப் படுத்துக் குழாய்வாயில் காதை வைத்தார்.

"ஊத்துடா! விழுதுடா! சத்தத்தக் கேளுடா!"

அக்கா குலவை போட்டாள். அண்ணி தேங்காயை உடைத்தாள். மச்சான் வரப்பில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். நானும் படுத்துக் கேட்டேன். கீழிருந்து வரும் தண்ணீர் அப்படி விழாது, அது ஏறி வரும். விழுகிறதென்றால் மேலேயிருந்து விழுகிறது. மேலே இருப்பது நொறுங்கிய பாறை. அந்தப் பாறையின் தண்ணீர்தான் பத்தடி தள்ளி அக்கா கிணற்றில் பாசிப்படிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"வாய மூடு" என்றார். "நல்ல நேரத்துல நாற வாயத் தொறக்காத."

5

அந்த வாரமே மோட்டார் போடுவதற்கு முன்பே பாசிப்படி தெரிந்தது. பிறகு அதற்குக் கீழே, யாரும் பார்த்திராத படிகள். மோட்டார் காற்றை இழுத்தது. மச்சான் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணன் நிலத்துப் பக்கம் இருந்த ஊற்றுக்கண் காய்ந்துவிட்டது என்றார்.

அக்காவும் நானும் அண்ணனிடம் போனோம். போருக்குள் இறக்கிய மோட்டாரை வெளியே எடுத்து, கெட்டிப் பாறை வரைக்கும் கேசிங் போட்டு அடைக்கச் சொன்னேன்.

"அடைச்சா எனக்குத் தண்ணி?"

"கீழ்ப் பாறையில இருந்தா வரும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லண்ணே."

"அப்ப என் தென்னை சாகட்டும்கிற. இவ வெத்தலைக்குப் பேசுறியே, என் தென்னைக்கு எவன் பேசுவான்? என் நெலத்துல நான் போட்டேன். பூமிக்குள்ள வேலியா போட்டுருக்கு, ஓந்தண்ணி எந்தண்ணின்னு பிரிக்க?"

"எங்கையால சூடம் ஏத்தச் சொன்னியேடா பாண்டி" என்றாள் அக்கா.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சா சொன்னேன்?" என்றார். அப்புறமும் மோட்டாரை எடுக்கவில்லை.

திரும்பும்போது வரப்பிலேயே அக்கா நின்றாள்.

"நாங்களும் போடுறோம். அவனவிட ஆழமா. நீ நின்னு போட்டுக் குடு."

"வேணாங்க்கா. அது ஒன் கெணத்த மீட்டுத் தராது. இருக்குற கொஞ்சத்தையும் ரெண்டு பேரும் போட்டி போட்டு உறிஞ்சுருவீங்க."

"உறிஞ்சா உறிஞ்சிட்டுப் போகுது. அவனுக்கு மட்டும் பச்சையா இருக்கணுமா?"

"நான் போட மாட்டேன்க்கா."

"எந்த ஊர்க்காரனுக்கோ, பேரு தெரியாதவனுக்கெல்லாம் போட்டுக் குடுத்தியே. கூடப் பொறந்தவளுக்குப் போடக் கை வரலையா ஒனக்கு?"

அதற்குப் பிறகுதான் பையை எடுத்தேன்.

6

நடந்த கதையை மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்கா நிலத்திலும் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தது. இரண்டு போரும் மாறி மாறி ஓடின. அண்ணன் மோட்டாரை இன்னும் கீழே இறக்கினால் மச்சானும் இறக்குவார். அடுத்தடுத்த கோடைகளில் இரண்டும் ஓய்ந்தன. கொடிக்கால் முதலில் போனது. வெற்றிலைக்கு இரண்டு வாரம் ஈரம் இல்லாவிட்டால் கொடி சுருண்டுவிடும். தென்னைகள் நின்றபடியே செத்தன. அண்ணன் விற்றார், பிறகு மச்சானும் விற்றார். வரப்பை நிரவி, வண்ணக் கல் நட்டு மனைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வாசல் பலகையில் பசுமை என்று தொடங்கும் பெயர், பக்கத்தில் ஒரு தென்னை மரப் படம். பசுமைப் பூச்சு என்ற சொல்லுக்குப் புத்தகத்தில் கொடுத்திருந்த விளக்கம்: சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்வதுபோல் வெளியே காட்டிக்கொண்டு உள்ளே அப்படி எதுவும் இல்லாமல் இருப்பது. எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

அக்கா இப்போது நகரத்தை ஒட்டிய கோச்சடையில் வாடகை வீட்டில் இருக்கிறாள். மச்சான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல்காரர். அந்தக் குடியிருப்புக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. லாரி வந்தால் கதவைத் திறந்துவிடுவது அவர் வேலை. அது எந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று தான் கேட்பதில்லை என்றார். நிலமோ நீரோ கெட்டு ஊரைவிட்டுப் போகிறவர்களைச் சூழல் அகதி என்று சொல்கிறார்களாம். போனில் அக்காவிடம் சொன்னேன்.

"யாரு, நானா அகதி? போடா" என்றாள். "குடத்துக்குத் தண்ணி பிடிக்கணும், போன வையி."

அண்ணனும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை. வரப்பே இல்லை, இன்னும் சண்டை இருக்கிறது.

பரீட்சை போன வாரம் நடந்தது. ஒரு கேள்வி இப்படி இருந்தது: பயன்பாட்டில் உள்ள கிணற்றுக்குப் பக்கத்தில் துளையிடச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் என்ன செய்வீர்கள்? கீழே நான்கு விடைகள். சரியான விடை: மறுத்துவிட்டு, அலுவலகத்துக்குத் தெரிவிப்பது. அதைத்தான் குறித்தேன். மிஸ்டர் வீரணன் தேர்ச்சி என்றார்கள். முத்திரை குத்திய அதிகாரி கை கொடுத்தார். வீட்டில் மீனா பேப்பரையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்ரசர் டீசல், லாரி டீசல், ஊருக்குப் போய்வரும் விமானம் எல்லாவற்றையும் கூட்டினாள்.

"ஒங்க கார்பன் தடம் ரொம்பப் பெருசுப்பா. நீங்க மெலிஞ்சுதான இருக்கீங்க, எப்படி?"

சிரித்தேன். கார்பன் தடம் என்பது ஒரு ஆள் வாழ்வதால் காற்றில் சேரும் புகையின் அளவு. வேறு தடங்களுக்கு அந்தப் புத்தகத்தில் சொல் இல்லை.

7

அக்கா வீட்டிலிருந்து பையோடு கிளம்பிய அன்று, வாடிப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. பஸ்ஸில் ஏறவில்லை. கையில் வேலை இல்லை, போக ஊரும் இல்லை. மெயின் ரோட்டை ஒட்டி ராசுவின் வண்டி நிற்கும் கொட்டகை இருந்தது. ராசு டிரில்லர், துளை போடும் எந்திரத்தை இயக்குகிறவன். அவனோடு ராய்ப்பூரில் ஒன்றாக வேலை பார்த்திருக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவன் என் செருப்பைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

"வா மாப்ள. சாப்பிட்டியா? காலையில போர் போட ஒரு பாயிண்ட் இருக்கு, ஒரு ஆளு கொறையுது."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. ஒங்க மச்சான் இப்பத்தான் போன் போட்டாரு."

"நான் மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வாரேன்."

ராசு வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"சரி, மாட்டேன்னா விடு. வேற ஆளு வருவான். புதுசு. மண்ணு நின்னதும் கேசிங்க விட்டுருவான். நான் மேல லீவரப் பிடிப்பேனா, அவனப் பாப்பேனா?"

அன்று ராத்திரி கொட்டகையில் படுத்திருந்தேன். நான் போகாவிட்டாலும் அந்த இடத்தில் துளை விழும் என்று நினைத்தேன். மூன்று மாதமாகக் கூலி இல்லை என்பதையும் நினைத்தேன். இரண்டும் சரிசமமாகத்தான் இருந்தன.

காலையில் வண்டியில் ஏறினேன். கேசிங் இறக்கும் ஆளாக, நாள் கூலிக்கு. வாய்க்கால் கரையில் நான் நடந்து வந்த வழியிலேயே வண்டி போனது. கொடிக்கால் வாசலில் அக்கா நின்றிருந்தாள். நான் இறங்கியதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியாடா! எனக்குத் தெரியும்டா நீ வருவேன்னு."

"நான் வண்டிக்கு வந்த ஆளுக்கா."

"எதுல வந்தா என்ன, வந்துட்டேல்ல" என்றாள். என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, காப்பி போட உள்ளே ஓடினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் தென்னையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் ராசுவிடம் வந்தார். "எம்புட்டு ஆழம் போகும்?"

ராசு என்னைப் பார்த்தான்.

"கெட்டிப் பாறை வர்ற வரைக்கும் கேசிங். அதுல ஒரு அடி கொறைக்க மாட்டேன்" என்றேன். "அதுக்குக் கீழ, நீங்க சொல்லுற வரைக்கும்."

மச்சான் வரப்பைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார். "அவனவிட நூறு அடி கூட" என்றார், அண்ணனுக்குக் கேட்கும்படி.

ராசு கம்ப்ரசரை முடுக்கினான். நான் முதல் குழாயைத் தோளில் வாங்கினேன்.